வரிசை தப்பிய நான்காவது கல்: வலைப்பக்க அமைப்புக் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் விடுதியாக மாறிய பழைய வீடுகளுக்கும், ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகளுக்கும், பலகாரக் கடைகளுக்கும் இன்று வலைத்தளம் இருக்கிறது. முதலில் ஒருவர் செய்து கொடுத்திருப்பார், பிறகு வேறொருவர் இரண்டு பக்கம் சேர்த்திருப்பார், கடைசியில் வீட்டுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்து நிறம் மாற்றியிருக்கும். அதன்பின் வரும் புகார்கள் அநேகமாக ஒரே மாதிரிதான். கணினியில் ஒழுங்காகத் தெரிகிற பக்கம் போனில் பக்கவாட்டில் ஆடுகிறது. நாலு படம் ஒரே வரிசையில் நிற்க வேண்டிய இடத்தில் நாலாவது கீழே இறங்கிவிட்டது. தமிழ் எழுத்தின் கால் வெட்டுப்படுகிறது. இந்தப் புகார்களை எந்த வரிசையில் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

செட்டிநாட்டுச் சுவரின் பளபளப்பு கடைசிப் பூச்சில் மட்டும் வருவதில்லை. அடியில் உள்ள ஒவ்வொரு சுண்ணாம்புப் படலமும் இறுகியிருந்தால்தான் மேல்பூச்சு நிற்கும். பக்கமும் அப்படியே. எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தையும் கட்டமைப்பையும் எழுதும் மொழி) கோணலாக இருக்கும்போது சிஎஸ்எஸ்ஸில் (நிறம், அளவு, இடம் ஆகியவற்றைச் சொல்லும் விதிகள்) எவ்வளவு இழைத்தாலும் ஒரு திரையில் சரியாகி மறு திரையில் கலையும். எனவே கோப்பு வந்து சேர்ந்ததா, எச்டிஎம்எல் சுத்தமாக இருக்கிறதா, பெட்டிகளின் அளவு என்ன என்று இந்த வரிசையில் பாருங்கள். சிஎஸ்எஸ் விதியைத் திருத்துவது அதற்குப் பிறகு.

சிஎஸ்எஸ் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கையில் பயர்பாக்ஸ், குரோம் இரண்டும் இருக்கட்டும். பயர்பாக்ஸை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சிஎஸ்எஸ் பண்பு எழுதியும் வேலை செய்யவில்லை என்றால், பயர்பாக்ஸின் இன்ஸ்பெக்டர் (பக்கத்தின் உறுப்புகளை ஆராயும் பகுதி) அந்த வரியை மங்கலாக்கி, பக்கத்தில் ஒரு சிறு குறியைப் போட்டு, ஏன் செல்லவில்லை என்று வாக்கியமாகவே சொல்லும். அதைப் படிக்கும் பழக்கம் வந்தாலே பாதி நேரம் மிச்சம்.

கோப்பு வந்து சேர்ந்ததா

எஃப்12 அழுத்தி டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் 'டிசேபிள் கேஷ்' என்பதை டிக் செய்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சிஎஸ்எஸ் கோப்பின் எதிரில் 200 என்று வர வேண்டும். 404 வந்தால் கோப்பு அங்கே இல்லை. உங்கள் கணினியில் வேலை செய்து, சர்வரில் ஏற்றியதும் 404 வருகிறது என்றால் முதலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பாருங்கள். விண்டோஸுக்கு ஸ்டைல் என்ற பெயரின் முதல் எழுத்து பெரிதோ சிறிதோ ஒன்றுதான். லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். படங்களும் இதே காரணத்தால் காணாமல் போகும்.

200 வந்தும் ஒரு விதிகூடச் செல்லவில்லையா? அந்தக் கோப்பின் மேல் சொடுக்கி, ரெஸ்பான்ஸ் ஹெடரில் கன்டென்ட்-டைப் எது என்று பாருங்கள். 'டெக்ஸ்ட்/சிஎஸ்எஸ்' என்று இல்லாமல் வெறும் டெக்ஸ்ட் என்றோ எச்டிஎம்எல் என்றோ இருந்தால், ஸ்டாண்டர்ட்ஸ் முறையில் (இன்றைய தரப்படி) இயங்கும் பக்கத்தில் பிரவுசர் அந்தக் கோப்பை மொத்தமாக ஒதுக்கிவிடும். இது சர்வர் அமைப்பில் திருத்த வேண்டியது.

தலைப்பகுதியின் மூன்று வரிகள்

எச்டிஎம்எல் கோப்பின் முதல் வரியில் டாக்டைப் (இது எச்டிஎம்எல் பக்கம் என்று அறிவிக்கும் வரி) இருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலோ, அதற்கு முன்னால் ஏதாவது எழுத்து விழுந்திருந்தாலோ, பிரவுசர் குவர்க்ஸ் முறைக்குப் போய்விடும். 1990களின் பக்கங்கள் உடைந்துபோகக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிற பழைய நடத்தை அது. டெவலப்பர் டூல்ஸின் கன்சோல் பகுதியில் டாக்குமெண்டின் காம்பாட்மோட் மதிப்பைக் கேளுங்கள். 'பேக்காம்பாட்' என்று பதில் வந்தால் குவர்க்ஸ், 'சிஎஸ்எஸ்1காம்பாட்' என்று வந்தால் சரி. டாக்டைப் எழுதியிருந்தும் குவர்க்ஸ் வருகிறதென்றால், பிஎச்பி கோப்பு ஏதாவது எச்சரிக்கை வரியை அதற்கு மேலே துப்பியிருக்கும். 'வியூ சோர்ஸ்' திறந்து முதல் வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய பக்கத்துக்கு டாக்டைப் சேர்த்ததும் அமைப்பு கலைந்தால் பயந்து அதை எடுத்துவிடாதீர்கள். குவர்க்ஸ் முறை அலகு இல்லாத எண்களை ஏற்றுக்கொள்ளும். விட்த் 300 என்று மட்டும் எழுதியிருந்தாலும் பிக்சல் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டாண்டர்ட்ஸ் முறை அந்த வரியைத் தள்ளிவிடும். பாடியில் கொடுத்த எழுத்தளவு குவர்க்ஸ் முறையில் டேபிளுக்குள் இறங்காது, ஸ்டாண்டர்ட்ஸில் இறங்கும். எனவே டாக்டைப்பை வைத்துக்கொண்டு, அலகில்லாத எண்களுக்கெல்லாம் பிக்சல் சேர்த்து, டேபிளுக்கென்று தனியாகத் திணித்த எழுத்தளவுகளை நீக்குங்கள்.

இரண்டாவது, குறியாக்கம். மெட்டா சார்செட் வரி யூடிஎஃப்-8 என்று சொல்ல வேண்டும், அதுவும் கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள். நீளமான விளக்கக் குறிப்புகளையும் ஸ்கிரிப்டையும் அதற்கு மேலே குவித்தால் வரி அந்த எல்லையைத் தாண்டிவிடும். தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வந்தால் நோய் இதுதான். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். அந்த மூன்றையும் மேலைநாட்டுப் பழைய குறியாக்கமாகப் படித்தால் மூன்று தனி எழுத்தாகத் தெரியும். மெட்டா வரி சரியாக இருந்தும் இப்படி வந்தால், சர்வர் அனுப்பும் ஹெடரில் வேறு குறியாக்கம் இருக்கிறது. அதற்குத்தான் முன்னுரிமை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று: அச்சகத்திலிருந்து வாங்கிய வாசகத்தை ஒட்டியதும் வெறும் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாக வருவது. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்காக அடித்த வாசகம். ஒருங்குறியே அல்ல. எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்த பிறகுதான் பக்கத்தில் ஏற்ற வேண்டும். எச்டிஎம்எல் டேகில் லேங் மதிப்பையும் தமிழுக்குரிய 'டிஏ' என்று கொடுங்கள். கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் மென்பொருள் சரியான குரலைத் தேர்ந்தெடுப்பது இதை வைத்துத்தான்.

மூன்றாவது, வியூபோர்ட், அதாவது திரையின் அகலத்தைச் சொல்லும் மெட்டா வரி. விட்த் டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் 1. இந்த வரி இல்லையென்றால் போன் தன்னைச் சுமார் 980 பிக்சல் அகலத் திரையாக நினைத்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டும். மீடியா குவெரி (திரையின் அகலத்துக்கு ஏற்ப மாறும் விதி) எழுதியும் போனில் ஒன்றும் மாறவில்லை என்ற புகாருக்கு இதுவே முதல் சந்தேகம்.

டேகைச் சரிபார்ப்பது

டபிள்யூ3சி நடத்தும் எச்டிஎம்எல் செக்கரில் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். இருபது முப்பது பிழை வந்தாலும் மலைக்க வேண்டாம். மூடாத ஒரு டிவ் (பக்கத்தைப் பெட்டிகளாகப் பிரிக்கும் டேக்) பத்துப் பிழையாகப் பெருகும். மேலிருந்து முதல் பிழையை மட்டும் திருத்தி, மறுபடி ஓட்டுங்கள்.

'வியூ சோர்ஸ்' காட்டுவது நீங்கள் எழுதியது. எலிமெண்ட்ஸ் பகுதி காட்டுவது பிரவுசர் பழுதுபார்த்த பிறகு உள்ளது. இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே மாறியது என்று புரியும். பத்திக்கான 'பி' டேகுக்குள் டிவ் வைத்தால், டிவ் தொடங்கும் இடத்திலேயே பத்தியை பிரவுசர் மூடிவிடும். பத்திக்குக் கொடுத்த நிறமும் இடைவெளியும் உள்ளே இருப்பதாக நினைத்த டிவ்வுக்குப் போகாது. டேபிளுக்குள் கட்டத்துக்கு வெளியே எழுத்து விழுந்தால் அந்த எழுத்து டேபிளுக்கு மேலே தூக்கி வைக்கப்படும். அறை வாடகைப் பட்டியலுக்குக் கீழே எழுதிய 'வரி தனி' என்ற குறிப்பு பட்டியலின் தலையில் போய் உட்கார்ந்தால் காரணம் இது. பயர்பாக்ஸின் 'வியூ சோர்ஸ்' இப்படிப்பட்ட டேக் பிழைகளைச் சிவப்பில் காட்டும்.

சிஎஸ்எஸ்ஸிலும் இப்படியான எழுத்துப்பிழை உண்டு. ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால் அந்த வரியும் அடுத்த வரியும் சேர்ந்து செல்லாமல் போகும். விதியை மூடும் வளைவு, அதாவது } குறி, விட்டுப்போவது அதைவிட மோசம். 2023 முதல் பிரவுசர்கள் விதிக்குள் விதி எழுதுவதை ஏற்கின்றன. அதனால் மூடாத விதிக்குக் கீழே உள்ள விதியெல்லாம் அதற்குள் அடங்கியவையாக எடுத்துக்கொள்ளப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரு குறிப்பிட்ட இடத்துக்குக் கீழே பக்கம் முழுக்க அலங்காரம் இழந்து நின்றால் முதலில் வளைவுகளை எண்ணுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டிய சிஎஸ்எஸ்ஸில் வளைந்த மேற்கோள்குறியும் கண்ணுக்குத் தெரியாத உடையா இடைவெளியும் வந்துவிடும். எடிட்டரில் அந்த வரியை அழித்து, கையால் மறுபடி அடிப்பதே விரைவான மருந்து.

தமிழில் கிளாஸ் பெயர் (எந்த உறுப்புக்கு எந்த விதி என்று இணைக்கும் பெயர்) வைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தமிழ்ப் பெயர் செல்லும், தடையில்லை. ஆனால் 'கொட்டான்' என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு விதமாக அடிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாக அடிக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிஎஸ்எஸ் குறிகளை மட்டுமே ஒப்பிடும். ஒரு கீபோர்டில் எச்டிஎம்எல்லும் இன்னொன்றில் சிஎஸ்எஸ்ஸும் அடித்திருந்தால் விதி ஒருபோதும் பொருந்தாது. ஔகாரத்திலும் இதே வம்பு: ஔகாரக் குறிக்குப் பதில் பலர் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் அடித்துவிடுகிறார்கள். கிளாஸ் பெயர், கோப்புப் பெயர் இரண்டையும் ஆங்கில எழுத்தில் வைப்பதே எங்கள் பரிந்துரை. தமிழ் வாசகத்தில் வாழட்டும்.

நான்காவது கல் ஏன் இறங்கியது

ஒரு கல் பட்டறையின் மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1200 பிக்சல் அகலப் பெட்டி, அதற்குள் வரிசைக்கு நான்கு கல்லின் படம். டிஸ்ப்ளே ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸ்-ரேப் ரேப்: வரிசையாக அடுக்கு, இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு இறக்கு என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் விட்த் 25%, அதாவது 300. பிறகு ஒவ்வொன்றுக்கும் 12 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி), 1 பிக்சல் பார்டர் (ஓரக் கோடு). விட்த் என்பது இயல்பாக உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே. பேடிங்கும் பார்டரும் அதற்கு வெளியே சேரும். 300, இரு பக்க பேடிங் 24, இரு பக்க பார்டர் 2, மொத்தம் 326. நான்கு சேர்ந்தால் 1304. இடம் 1200தான். நான்காவது கல் இறங்காமல் என்ன செய்யும்?

மருந்து: பாக்ஸ்-சைசிங் பார்டர்-பாக்ஸ். கோப்பின் தலையில் நட்சத்திர செலக்டருக்கும் (எல்லா உறுப்புக்கும் பொருந்தும் * குறி) அதன் பிஃபோர், ஆஃப்டர் துணைகளுக்கும் சேர்த்து ஒரே முறை எழுதிவிடுங்கள். இனி 300 என்றால் எல்லாம் சேர்த்து 300.

அடுத்த நாள் கல்லுக்குக் கல் 16 பிக்சல் கேப் வேண்டும் என்று கேட்பார்கள். கேப் சேர்த்ததும் நான்காவது மறுபடி இறங்கும். நான்கு கல்லுக்கு நடுவே மூன்று சந்து, 48 பிக்சல். கொத்தனார் தரையை அளக்கும்போது சந்தையும் சேர்த்தே கணக்குப் போடுவார். இங்கேயும் அதேதான்: கால்க் எழுதி 100 விழுக்காட்டிலிருந்து 48 பிக்சலைக் கழித்து நான்கால் வகுத்தால் 288. கால்க்கில் கழித்தல் குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விட வேண்டும், ஒட்டி எழுதினால் வரியே செல்லாது. ஆனால் இப்படிக் கணக்குப் போட்டு உழைக்க இன்று அவசியமில்லை. டிஸ்ப்ளே கிரிட், நான்கு முறை 1எஃப்ஆர், கேப் 16 என்று எழுதினால் சந்துக் கணக்கை கிரிட்டே பார்த்துக்கொள்ளும். 2017 மார்ச்சில் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்துவிட்டது. இன்னும் ஃபுளோட்டை வைத்துப் பக்கம் கட்டச் சொல்லும் பாடங்களைத் தள்ளி வையுங்கள். ஃபுளோட் படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காகப் பிறந்தது. அதை வைத்துச் சுவர் எழுப்பியது வேறு வழியில்லாத காலத்து ஏற்பாடு.

கிரிட்டிலும் ஒரு பொறி உண்டு. 1எஃப்ஆர் என்றால் சமபங்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் கீழ்எல்லை ஆட்டோ, அதாவது உள்ளே இருப்பதன் குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே அந்த நெடுவரிசை சுருங்காது. ஒரு கட்டத்தில் பெரிய படமோ உடையாத நீளச் சொல்லோ இருந்தால் அந்த நெடுவரிசை மட்டும் வீங்கி மற்றவற்றை நெருக்கும். மின்மேக்ஸில் 0, 1எஃப்ஆர் என்று எழுதினால் உண்மையான சமபங்கு கிடைக்கும்.

எண்ணிக்கை தானாக மாற வேண்டுமென்றால் ரிபீட்டில் ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ் 240 பிக்சல், 1எஃப்ஆர் என்பது வழக்கமான முறை. 360 பிக்சல் போனில் இரு பக்கம் 16 விட்டால் மிஞ்சுவது 328, ஒரு கல் ஒரு வரிசை. ஆனால் யாராவது 240ஐ 340 ஆக்கினால் 12 பிக்சல் வெளியே தள்ளி, வலப்பக்க இடைவெளியைத் தின்றுவிடும்; 320 பிக்சல் போனில் பக்கமே ஆட ஆரம்பிக்கும். 340க்குப் பதில் மின் எழுதி 340 பிக்சல், 100% இரண்டில் சிறியதை எடுக்கச் சொல்லுங்கள். போனில் வரிசைக்கு இரண்டு கல் வேண்டும் என்றால் 328இல் ஒரு சந்து போக ஒவ்வொன்றுக்கும் 156. அதற்காகக் குறைந்தபட்ச அளவை 150 ஆக்கிவிட்டால் 1200 பிக்சல் திரையில் ஏழு கல் நெருக்கியடித்து நிற்கும். இந்த இடத்தில் ஒரே சூத்திரம் உதவாது. மீடியா குவெரி எழுதுங்கள்.

போனில் பக்கவாட்டு ஆட்டம்

இதற்கு ஊரெங்கும் கொடுக்கிற வைத்தியம், எல்லாவற்றையும் சுற்றிய டிவ்வுக்கு ஓவர்ஃபுளோ-எக்ஸ் ஹிட்டன். செய்யாதீர்கள். வெளியே நீட்டியது வெட்டுப்படும், அது முன்பதிவுப் பொத்தானாக இருந்தால் வாடிக்கையாளர் அதைப் பார்க்கவே மாட்டார். அதோடு அந்த டிவ் தானே உருளும் பெட்டியாகிவிடுவதால், உள்ளே பொசிஷன் ஸ்டிக்கி கொடுத்த மெனு மேலே ஒட்டாமல் போகும். ஒரு மாதம் கழித்து 'மெனு நிற்கவில்லை' என்று வரும் புகாருக்கு இந்த வைத்தியம்தான் காரணமாக இருக்கும்.

குற்றவாளியைப் பிடிக்க, நட்சத்திர செலக்டருக்கு அவுட்லைன் 1 பிக்சல் சிவப்பு கொடுங்கள். பார்டர் கொடுக்காதீர்கள், அது இடம் எடுத்து அமைப்பையே மாற்றிவிடும். அவுட்லைன் இடம் எடுக்காது. டெவலப்பர் டூல்ஸில் திரையை 360க்குச் சுருக்கி, வலப்பக்கம் நகர்த்தி, எந்தச் சிவப்புக் கட்டம் வெளியே நீட்டுகிறது என்று பாருங்கள். இந்த வட்டாரப் பக்கங்களில் வழக்கமாகச் சிக்குபவை இவை:

- கூகுள் மேப்பிலிருந்து எடுத்து ஒட்டிய ஐஃபிரேம். அது 600 அகலம், 450 உயரம் என்ற நிலையான அளவோடு வரும். மேக்ஸ்-விட்த் 100% கொடுங்கள்.
- விட்த் 100விடபிள்யூ (திரையகலத்தின் நூறு விழுக்காடு). விண்டோஸில் செங்குத்து ஸ்க்ரோல்பாரின் 15 முதல் 17 பிக்சலையும் சேர்த்தே 100விடபிள்யூ கணக்கிடும். 100% போதும்.
- வாடகைப் பட்டியல் டேபிள். ஒரு டிவ்வுக்குள் வைத்து அந்த டிவ்வுக்கு மட்டும் ஓவர்ஃபுளோ-எக்ஸ் ஆட்டோ. இங்கே அது நியாயமான பயன்பாடு.
- முன்பதிவுப் படிவத்தின் இன்புட் கட்டங்கள். ஃபிளெக்ஸுக்குள் உள்ள எதற்கும் மின்-விட்த் இயல்பாக ஆட்டோ. இன்புட்டுக்குத் தனக்கென்று ஓர் அகலம் உண்டு, அதற்குக் கீழே ஒடுங்காது. மின்-விட்த் 0 கொடுங்கள். ஃபீல்டுசெட்டுக்கும் இதே மருந்து.

ஐந்தாவது, தமிழ்ச் சொல்லின் நீளம். 'கானாடுகாத்தானிலிருந்து' என்பதைப் பெரிய தலைப்பு எழுத்தில் போட்டால் சிறிய போனின் அகலத்துக்கு அது ஒற்றைச் சொல்லாக அடங்காது. வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல் போட்டால் எல்லாச் சொல்லும் வரி முடிகிற இடத்தில் வெட்டப்படும். வரி 'காரை' என்று முடிந்து அடுத்த வரி 'க்' என்ற புள்ளியெழுத்தில் தொடங்குவதைத் தமிழ்க் கண் தாங்காது. ஓவர்ஃபுளோ-ரேப் எனிவேர் கொடுங்கள். சொல் முழுதாக ஒரு வரியில் அடங்காதபோது மட்டுமே அது வெட்டும். பிரேக்-வேர்ட் என்ற மதிப்பும் அதையே செய்யும், ஆனால் பெட்டியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த வெட்டைச் சேர்க்காது. ஃபிளெக்ஸ், கிரிட்டுக்குள் எனிவேர் உதவுவதும் பிரேக்-வேர்ட் உதவாமல் போவதும் அதனால்தான். தலைப்புக்கு இதைவிட நல்ல வழி, சொல்லைப் பிரிக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்யும் இடத்தில் டபிள்யூபிஆர் டேகை வைப்பது. கானாடு, காத்தானிலிருந்து என்று பிரிந்தால் படிக்க உறுத்தாது.

எழுத்தின் கால் வெட்டுப்படும்போது

தமிழ் எழுத்துகளுக்கு மேலே சுழியும் கீழே காலும் வாலும் உண்டு. ஆங்கிலத்துக்கு வடிவமைத்த தீமில் லைன்-ஹைட் 1.2 என்றும் பொத்தானின் ஹைட் 40 பிக்சல் என்றும் ஓவர்ஃபுளோ ஹிட்டன் என்றும் இருக்கும். அதில் 'கூடுதல்' என்று எழுதினால் 'கூ'வின் அடி காணாமல் போகலாம். உடல் எழுத்துக்கு லைன்-ஹைட் 1.6 முதல் 1.7, தலைப்புக்கு 1.4 வைத்துத் தொடங்குங்கள். அலகு சேர்க்காமல் வெறும் எண்ணாகக் கொடுங்கள். பிக்சலிலோ விழுக்காட்டிலோ கொடுத்தால், மேலே கணக்கிட்ட அந்த உயரமே பெரிய எழுத்துத் தலைப்புக்கும் இறங்கி வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

பொத்தானுக்கு ஹைட் கொடுக்கவே வேண்டாம், மேல் கீழ் பேடிங் 12 பிக்சல் போதும். 'புக்' என்ற நான்கே ஆங்கில எழுத்து இடத்தில் 'முன்பதிவு செய்யுங்கள்' வருகிறது. போனில் அது இரண்டு வரியாக மடங்கும். உயரம் கட்டாமல் இருந்தால் பொத்தான் தானே வளர்ந்து கொடுக்கும்.

எழுத்துருவில் தடித்த வடிவம் ஏற்றப்படாவிட்டால் பிரவுசர் இருப்பதையே ஊதித் தடிப்பாக்கும். 'ணை', 'ஜ', 'ஐ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் 400, 700 இரண்டையும் ஏற்றுங்கள். யூனிகோட்-ரேஞ்சில் தமிழுக்குரிய 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை கொடுத்தால், தமிழ் இல்லாத பக்கத்தில் அந்தக் கோப்பு இறங்காது.

படங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படத்துக்கு மேக்ஸ்-விட்த் 100%, ஹைட் ஆட்டோ, டிஸ்ப்ளே பிளாக். எச்டிஎம்எல்லில் விட்த், ஹைட் இரண்டும் படத்தின் உண்மையான எண்ணில். எண் இருந்தால் படம் வரும் முன்பே பிரவுசர் இடத்தை ஒதுக்கிவிடும், படிக்கும்போது பக்கம் குதிக்காது. ஹைட் ஆட்டோவை மறந்தால் முகப்புக் கதவின் படம் போனில் ஒல்லியாக நீண்டு நிற்கும்: அகலம் சுருங்கியது, உயரம் எண்ணில் எழுதியபடியே இருந்துவிட்டது. டிஸ்ப்ளே பிளாக் எதற்கு? படம் இயல்பில் எழுத்தைப் போல வரியில் உட்காரும். எழுத்தின் வாலுக்கென்று விட்ட நாலைந்து பிக்சல் படத்துக்கு அடியில் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

சேர்ந்துபோகும் மார்ஜினும் நிற்காத உயரமும்

தலைப்புக்குக் கீழே 24, பத்திக்கு மேலே 40 மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுத்தால் நடுவில் 64 வராது, 40தான் வரும். மேலும் கீழுமான மார்ஜின்கள் சேர்ந்து பெரியது மட்டும் நிற்பது பிழையல்ல, 1996 டிசம்பரில் வந்த முதல் சிஎஸ்எஸ் தரத்திலேயே உள்ள நடத்தை. தொந்தரவு தருவது இதன் இன்னொரு முகம்: நிறம் பூசிய பட்டைக்குள் முதல் தலைப்புக்கு மேல்மார்ஜின் கொடுத்தால், அந்த இடைவெளி பட்டைக்கு உள்ளே வராமல் வெளியே, பட்டைக்கு மேலே போய் வெள்ளையாகத் தெரியும். பட்டைக்கு டிஸ்ப்ளே ஃபுளோ-ரூட் கொடுங்கள், அல்லது மார்ஜினுக்குப் பதில் பட்டைக்கே பேடிங் கொடுங்கள். ஃபுளோட் போட்ட படங்களால் தாய்ப்பெட்டியின் உயரம் சுருண்டுபோவதற்கும் ஃபுளோ-ரூட்தான் மருந்து. ஃபிளெக்ஸ், கிரிட்டின் நேர்க் குழந்தைகளுக்கு மார்ஜின் சேராது. பழைய பிளாக் அமைப்பை கிரிட்டுக்கு மாற்றியதும் இடைவெளிகள் திடீரெனப் பெருத்தால் காரணம் புரிந்திருக்கும்.

ஹைட் 100% செல்லவில்லை என்றால் 'எதன் நூறு விழுக்காடு?' என்று கேளுங்கள். தாய்ப்பெட்டி உள்ளடக்கத்தைப் பார்த்துத் தன் உயரத்தை முடிவு செய்கிறது, குழந்தை தாயைப் பார்த்து முடிவு செய்யக் காத்திருக்கிறது. வளவின் நீளமே முடிவாகாதபோது அதில் பாதி நீளத்துக்குப் பாய் வாங்க முடியாது. முழுத்திரை முகப்புப் படத்துக்கு மின்-ஹைட் 100எஸ்விஎச் (முகவரிப்பட்டை தெரியும் நிலையின் திரை உயரம்) கொடுங்கள். 100விஎச் போனில் முகவரிப்பட்டை மறைந்த நிலையின் உயரத்தை எடுப்பதால், முதலில் திறக்கும்போது அடிப்பகுதி மறைந்திருக்கும்.

மேலே வராத மெனு

இசட்-இண்டெக்ஸ் (எது மேலே என்று சொல்லும் எண்) 9999 கொடுத்தும் மெனு படத்துக்கு அடியில் போகிறதா? அந்த எண் தன் அடுக்குக்குள் மட்டுமே செல்லும். அடியில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு சாமானை எத்தனை உயரத்தில் வைத்தாலும், மேலே அடுக்கிய பெட்டியைத் தாண்டி அது வராது. மெனுவிலிருந்து ஒவ்வொரு தாயாக மேலே ஏறி, எதற்கு டிரான்ஸ்ஃபார்ம், 1க்குக் குறைந்த ஒப்பாசிட்டி, ஃபில்டர், அல்லது பொசிஷனோடு இசட்-இண்டெக்ஸ் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் பெட்டி. எண்ணை அந்தப் பெட்டிக்குக் கூட்ட வேண்டும். டிரான்ஸ்ஃபார்ம் உள்ள தாய்க்குள் பொசிஷன் ஃபிக்ஸ்டும் திரையில் நிற்காது, அந்தத் தாயோடு சேர்ந்தே நகரும். ஸ்டிக்கிக்கு டாப் மதிப்பு கட்டாயம். அது 0 ஆனாலும் எழுதியாக வேண்டும்.

உங்கள் விதி கோடு கிழிக்கப்பட்டுத் தெரிந்தால், வேறொரு விதி அதை வென்றிருக்கிறது. ஐடி ஒன்று எத்தனை கிளாஸையும் வெல்லும், கிளாஸ் ஒன்று எத்தனை டேக் பெயரையும் வெல்லும், சமமானால் கடைசியாக வந்தது வெல்லும். இம்பார்ட்டன்ட் சேர்த்து வெல்வது எளிது, ஆனால் அடுத்து வருபவரும் அதையே செய்ய வேண்டியிருக்கும். செலக்டரில் ஒரு கிளாஸ் கூட்டுங்கள், அல்லது வெல்லும் விதியிலிருந்து ஐடியைக் கழற்றுங்கள்.

எதுவும் பிடிபடாதபோது

பக்கத்தை நகலெடுத்து, சிஎஸ்எஸ்ஸின் கீழ்ப்பாதியைக் கருத்துக்குறிக்குள் போடுங்கள். கோளாறு போனால் அது கீழ்ப்பாதியில், நின்றால் மேல்பாதியில். இருக்கும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 1000 வரிக் கோப்பில் பத்துமுறை பாதியாக்கினால் ஒரே வரிக்கு வந்துவிடலாம். பிறகு எச்டிஎம்எல்லிலும் தொடர்பில்லாததை ஒவ்வொன்றாக அகற்றி, கோளாறு இன்னும் தெரிகிற மிகச் சிறிய பக்கத்தைச் செய்யுங்கள். யாரிடமாவது உதவி கேட்பதானால் இந்தச் சிறிய பக்கத்தைக் கொடுங்கள், முழுத்தளத்தின் முகவரியை அல்ல.

திருத்திய பிறகு 320, 360, 768, 1280 பிக்சல் அகலங்களில் பாருங்கள். கணினியில் 200% ஜூம் வைத்துப் பாருங்கள். போனின் அமைப்பில் எழுத்தளவைப் பெரிதாக்கியும் ஒருமுறை பாருங்கள், அறை முன்பதிவு செய்கிற பெரியவர்களில் பலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். செக்கரை மறுபடி ஓட்டுங்கள். சர்வரில் ஏற்றும் முன் அந்தச் சிவப்பு அவுட்லைன் வரியை அழித்துவிடுங்கள்.